ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரு வலையமைப்பு: லினக்ஸ் நுழைவாயில் கணினி செய்வது என்ன?

2007 ஆம் ஆண்டு பிறந்த வேளையில், கத்தாரிலிருந்து விக்கிபீடியா கலைக்களஞ்சியத்தில் பெயர் பதியாமல் திருத்தம் செய்ய முயன்றவர்கள் சில மணி நேரம் தடுக்கப்பட்டிருந்தனர். விக்கிபீடியா நிர்வாகிகள் தடை விதித்தது ஒரு நாட்டுக்கு அல்ல. விஷமத்தனமான திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒரேயொரு இணைய முகவரிக்குத்தான். ஆனால் அந்நாட்டின் இணையப் போக்குவரத்தில் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு முகவரியின் வழியாகவே வெளியே வந்துகொண்டிருந்தது.

அங்கு பயன்படுத்தப்பட்டது ப்ராக்ஸி எனப்படும் இடைநிலைச் சேவையகம். ஆயினும், பலர் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கும் நிலை கத்தாருக்கு மட்டும் உரியதல்ல. இன்று உலகின் பெரும்பாலான வீடுகளும் அலுவலகங்களும் கைத்தொலைபேசிகளும் இப்படித்தான் இணையத்துடன் தொடர்பு கொள்கின்றன.

இந்த ஏற்பாட்டின் நடுவே நிற்பது கேட்வே என்று அழைக்கப்படும் நுழைவாயில் கணினி. உலகெங்கும் அந்தப் பணியைச் செய்யும் கருவிகளில் மிகப் பெரும் பங்கினவற்றில் இயங்குவது லினக்ஸ் மென்பொருள். அது எவ்வாறு இயங்குகிறது, ஏன் தேவைப்பட்டது, அதற்காக இணையம் கொடுத்துவரும் விலை என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முகவரிப் பஞ்சம்

இணையத்தின் அடிப்படை விதிமுறையான ஐ.பி. நான்காம் பதிப்பு 1981 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. அதன்படி ஒவ்வொரு முகவரியும் 32 பிட்டுகள் கொண்டது. ஆகவே உலகம் முழுவதற்கும் கிடைக்கக்கூடிய முகவரிகள் சுமார் 429 கோடி மட்டுமே. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டுமே பயன்படுத்திய காலத்தில் இது வற்றாத எண்ணிக்கையாகத் தோன்றியது. 800 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் இன்றைய உலகில், ஆளுக்கு ஒன்று என்ற கணக்குக்குக்கூட இது போதாது.

இந்தப் பற்றாக்குறை 1990களின் தொடக்கத்திலேயே பொறியாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. முழுமையான தீர்வாகப் புதிய பதிப்பொன்றை வடிவமைக்கும் பணி தொடங்கியது. அது நிறைவேறும்வரை காலம் கடத்துவதற்கான வழியாக, 1994 மே மாதத்தில் ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணம் வெளியானது. கெல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் ஆகியோர் எழுதிய அந்த ஆவணம், நாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் முகவரி மாற்று முறையை விவரித்தது. குறுகிய காலத் தீர்வு என்றே அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது.

இதற்குத் துணையாக 1996 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1918 வந்தது. மூன்று முகவரித் தொகுதிகளை அது தனியார் வலையமைப்புகளுக்கென ஒதுக்கியது. 10 என்று தொடங்கும் முகவரிகள் சுமார் 1 கோடியே 67 லட்சம், 172.16 முதல் 172.31 வரையிலானவை சுமார் 10 லட்சத்து 48 ஆயிரம், 192.168 என்று தொடங்குபவை 65,536.

இவற்றை எவரும் யாரிடமும் அனுமதி பெறாமல் பயன்படுத்தலாம். லண்டனிலுள்ள ஒரு வீட்டிலும் டொரண்டோவிலுள்ள ஒரு கடையிலும் 192.168.1.5 என்ற அதே முகவரி ஒரே நேரத்தில் இருக்கலாம். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: இந்த முகவரிகள் பொது இணையத்தில் செல்லுபடியாகா. அந்த முகவரிக்கு எழுதப்பட்ட தரவுப் பொட்டலத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது பொது இணையத்திலுள்ள எந்த ரௌட்டருக்கும் தெரியாது.

நுழைவாயிலில் நடப்பது

தனியார் வலையமைப்புக்கும் பொது இணையத்துக்கும் இடையே நிற்கும் லினக்ஸ் கணினிக்கு இரண்டு இணைப்புகள் உண்டு. ஒன்று உள்நோக்கியது, அதற்கு 192.168.1.1 என்பது போன்ற தனியார் முகவரி இருக்கும். மற்றது வெளிநோக்கியது, அதற்கு இணையச் சேவை நிறுவனம் அளித்த பொது முகவரி இருக்கும். அது 203.0.113.7 என்று வைத்துக்கொள்வோம்.

உள்ளே இருக்கும் 192.168.1.5 என்ற கணினி, வெளியிலுள்ள ஓர் இணையத்தளத்தைப் பார்க்க விரும்புகிறது. அது அனுப்பும் பொட்டலத்தின் மீது நான்கு விவரங்கள் எழுதப்பட்டிருக்கும்: அனுப்புநர் முகவரி, அனுப்புநரின் போர்ட் எண், பெறுநர் முகவரி, பெறுநரின் போர்ட் எண். போர்ட் எண் என்பது ஒரே கணினியில் நடக்கும் பல உரையாடல்களைப் பிரித்தறிய உதவும் எண். அது 16 பிட்டுகள் கொண்டதாதலால் 65,536 வரை எண்கள் கிடைக்கின்றன.

பொட்டலம் நுழைவாயிலை அடைந்ததும், லினக்ஸின் கெர்னல் எனப்படும் மையக்கரு, அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டுத் தனது பொது முகவரியை அங்கே எழுதுகிறது. அதே போர்ட் எண்ணை வேறொரு கணினி ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தால், அதையும் மாற்றி வேறு எண்ணைக் கொடுக்கிறது. இந்த மாற்றத்தைத் தன் நினைவகத்திலுள்ள ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு பொட்டலத்தை வெளியே அனுப்புகிறது.

மறுமொழி வரும்போது, அது நுழைவாயிலின் பொது முகவரிக்கே வருகிறது. மையக்கரு பட்டியலைப் பார்க்கிறது; இந்தப் போர்ட் எண்ணுக்கு உரியவர் யார் என்று கண்டறிகிறது; பெறுநர் முகவரியை 192.168.1.5 என்று மாற்றி உள்ளே அனுப்புகிறது. உள்ளிருக்கும் கணினிக்கும் வெளியிலுள்ள தளத்துக்கும் நடுவில் இவ்வாறு நடந்தது தெரிவதில்லை.

லினக்ஸ் உலகில் இம்முறைக்கு மாஸ்கரேடிங், அதாவது முகமூடி அணிவித்தல், என்ற பெயர் வழங்கிவருகிறது. உள்ளிருக்கும் கணினிகள் அனைத்தும் நுழைவாயிலின் முகத்தையே அணிந்து வெளியே செல்வதால் வந்த பெயர் இது. வெளிமுகவரி அடிக்கடி மாறும் இணைப்புகளுக்கு இது குறிப்பாகப் பொருந்தும்; ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் வெளி இணைப்புக்கு இருக்கும் முகவரியை மையக்கரு தானே எடுத்துக்கொள்ளும்.

நெகிழ்வட்டிலிருந்து கைத்தொலைபேசி வரை

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸ், 1996 இல் வெளியான 2.0 பதிப்பிலேயே முகமூடி வசதியைக் கொண்டிருந்தது. 1999 இல் வந்த 2.2 பதிப்பு ஐபிசெயின்ஸ் என்ற கருவியையும், 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பு நெட்ஃபில்டர் என்ற புதிய அமைப்பையும் அதை இயக்கும் ஐபிடேபிள்ஸ் என்ற கருவியையும் அறிமுகப்படுத்தின. ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸலின் பங்கு இவ்விரண்டிலும் முதன்மையானது. 2014 இல் வெளியான 3.13 பதிப்பிலிருந்து என்எஃப்டேபிள்ஸ் அதன் வாரிசாக வளர்ந்துவருகிறது.

இந்த வசதியின் சமூக விளைவு குறிப்பிடத்தக்கது. தொலைபேசி வழி இணைப்பு விலையுயர்ந்ததாக இருந்த காலத்தில், ஒதுக்கித் தள்ளப்பட்ட ஒரு பழைய கணினியையும் இரண்டு வலையட்டைகளையும் கொண்டு ஒரு பள்ளியோ சிறு அலுவலகமோ தன் கணினிகள் அனைத்தையும் ஒரே இணைப்பில் சேர்க்க முடிந்தது. லினக்ஸ் ரௌட்டர் திட்டம் என்ற முயற்சி, இதற்குத் தேவையான மென்பொருள் முழுவதையும் 1.44 மெகாபைட் கொள்ளளவுள்ள ஒரே நெகிழ்வட்டில் அடக்கிக் கொடுத்தது.

பின்னர் இதே மென்பொருள் சிறு பெட்டிகளுக்குள் புகுந்தது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற வீட்டு ரௌட்டரில் லினக்ஸ் இயங்குவது தெரியவந்ததையடுத்து, லினக்ஸின் உரிம விதிகளின்படி அதன் மூல நிரல்கள் 2003 இல் வெளியிடப்பட்டன. அதிலிருந்து ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற சுதந்திர மென்பொருள் திட்டம் 2004 இல் கிளைத்தது. ஆண்ட்ராய்ட் கைத்தொலைபேசியில் இணைப்பைப் பிறருடன் பகிரும்போது நடப்பதும் இதே முகமூடி அணிவித்தல்தான். அதன் அடியில் இருப்பதும் லினக்ஸ் மையக்கருவே.

ஒரு நுழைவாயிலை அமைப்பவர் அறிய வேண்டியவை

லினக்ஸ் கணினி ஒன்றில் இரண்டு வலையட்டைகளைப் பொருத்திவிட்டால் மட்டும் அது நுழைவாயில் ஆகிவிடுவதில்லை. தனக்கு முகவரியிடப்படாத பொட்டலத்தை வேறிடத்துக்கு அனுப்பும் வழக்கம் மையக்கருவுக்கு இயல்பாகக் கிடையாது. ஐ.பி. ஃபார்வர்டிங் என்ற அந்த விசை தொடக்கத்தில் சுழி என்றே வைக்கப்பட்டிருக்கும். அதை ஒன்று என மாற்ற வேண்டும்.

இரண்டாவது, முகமூடி விதி. அது வெளிநோக்கிய இணைப்பின் மீது மட்டும் இடப்பட வேண்டும். முதல் விசையைத் திருப்பிவிட்டு இந்த விதியை மறந்துவிடுவது வழக்கமாக நேரும் பிழை. அப்போது பொட்டலங்கள் 192.168 என்ற அனுப்புநர் முகவரியுடனேயே வெளியேறும். அவற்றைச் சேவை நிறுவனம் எறிந்துவிடலாம். அவை சேருமிடம் சேர்ந்தாலும் மறுமொழி திரும்பி வர வழி இருக்காது.

மூன்றாவது, கடத்தல் விதிகள். உள்ளிருந்து வெளியே செல்பவற்றை அனுமதிப்பது, ஏற்கெனவே தொடங்கிய உரையாடல்களின் மறுமொழிகளை அனுமதிப்பது, மற்ற அனைத்தையும் நிறுத்துவது என்ற மூன்று விதிகளே பெரும்பாலான இடங்களுக்குப் போதுமானவை.

நான்காவது, உள்ளிருக்கும் கணினிகளுக்கு வழிகாட்டுவது. நுழைவாயிலின் உள்முகவரியே தங்கள் வெளிவழி என்பதும், பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சேவையகம் எது என்பதும் அவற்றுக்குத் தெரிய வேண்டும். டி.எச்.சி.பி. என்ற சேவை இதைத் தானாகவே செய்துவிடும். இறுதியாக, இவ்விதிகளைச் சேமித்து வைக்காவிட்டால் கணினியை மறுபடி இயக்கும்போது அனைத்தும் மறைந்துவிடும்.

எல்லாம் சரியாக அமைந்த பின்னரும் சில தளங்கள் திறக்க, வேறு சில பாதியில் நின்றுவிடும் விசித்திரம் உண்டு. இதற்குப் பெரும்பாலும் காரணம் பொட்டலத்தின் அளவு. சாதாரண ஈதர்நெட் இணைப்பு 1,500 பைட்டுகளை ஏற்கும். பி.பி.பி.ஓ.இ. முறையில் இயங்கும் அகன்ற அலைவரிசை இணைப்புகளில் 8 பைட்டுகள் உறைக்கே செலவாகிவிடுவதால் 1,492 மட்டுமே மிஞ்சும். பெரிய பொட்டலங்கள் வழியில் தங்கிவிடும். அதைத் தெரிவிக்கும் அறிவிப்பும் இடையிலுள்ள பாதுகாப்புச் சுவர்களால் தடுக்கப்பட்டிருக்கும். உரையாடல் தொடங்கும்போதே பொட்டல அளவைக் குறைத்துக்கொள்ளுமாறு இரு தரப்புக்கும் சொல்லும் விதியொன்றை நுழைவாயிலில் சேர்ப்பது இதற்கு வழக்கமான பரிகாரம்.

திறக்காத கதவும் ஒருபக்கக் குரலும்

நாட் முறையின் மிகப் பெரிய விளைவு, உள்ளிருப்பவர் வெளியே பேசலாம், வெளியே இருப்பவர் தாமாக உள்ளே பேச முடியாது என்பதாகும். பட்டியலில் குறிப்பு இல்லாத பொட்டலம் வந்தால், அதை எந்தக் கணினிக்குக் கொடுப்பது என்று நுழைவாயிலுக்குத் தெரியாது.

இதைப் பலர் பாதுகாப்பு என்று கருதுகின்றனர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வெளியிலிருந்து தேடிவரும் தாக்குதல்கள் பல இதனால் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் அது இம்முறையின் நோக்கமல்ல, பக்கவிளைவு. பயனாளரே தீங்கான கோப்பொன்றைத் திறந்தால், அது உள்ளிருந்து வெளியே தொடங்கும் உரையாடல் என்பதால் நுழைவாயில் தடுக்காது. மேலும் நுழைவாயிலே இலக்காகலாம். 2016 இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்டிருந்த கேமராக்களையும் வீட்டு ரௌட்டர்களையும் கைப்பற்றியது. அவற்றில் பல லினக்ஸில் இயங்கியவை. அவ்வாண்டு அக்டோபர் 21 ஆம் தேதி டின் என்ற நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில், ட்விட்டர் உள்ளிட்ட பல பெரிய தளங்கள் பலருக்கும் கிடைக்காமல் போயின.

உள்ளே ஒரு சேவையகத்தை வைத்திருப்பவர், குறிப்பிட்ட போர்ட் எண்ணுக்கு வருபவற்றை அந்தக் கணினிக்கு அனுப்புமாறு நுழைவாயிலில் விதி எழுதலாம். இது போர்ட் ஃபார்வர்டிங் எனப்படுகிறது. ஆனால் இரு முனைகளிலும் நாட் இருந்தால் சிக்கல் கூடுகிறது.

புலம்பெயர்ந்து வாழும் பலரும் இணையத் தொலைபேசியின் ஆரம்ப காலத்தில் இதை அனுபவித்திருப்பர். அழைப்பு மணி ஒலிக்கும், ஊரிலிருப்பவர் எடுப்பார், ஒருவர் குரல் மட்டும் கேட்கும், மற்றவர் குரல் கேட்காது. சிப் எனப்படும் அழைப்பு விதிமுறை, குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் பொட்டலத்தின் உள்ளே எழுதி அனுப்புகிறது. உறையை மட்டும் திருத்தும் நுழைவாயில் உள்ளிருக்கும் கடிதத்தைத் திருத்துவதில்லை. எதிர்முனை, 192.168 என்று தொடங்கும், தன்னால் ஒருபோதும் அடைய முடியாத முகவரிக்குக் குரலை அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதைச் சமாளிக்கத் துணை முறைகள் பல உருவாகின. தன் வெளிமுகவரி என்ன என்று ஒரு கணினி வெளியே கேட்டறிய உதவும் ஸ்டன் என்ற முறை 2003 இல் வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்து 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்ட ஸ்கைப், தன் தொடக்க ஆண்டுகளில், நேரடிப் பொது முகவரி கொண்ட பயனாளர்களின் கணினிகளை மற்றவர்களின் அழைப்புகளுக்குத் தரகர்களாகப் பயன்படுத்தியது. இன்றைய அழைப்புச் செயலிகள் நேரடி வழி கிட்டாதபோது நிறுவனங்களின் இடைச் சேவையகங்கள் வழியாகக் குரலை அனுப்புகின்றன.

இரண்டு பேர் நேரடியாகப் பேசிக்கொள்ள வடிவமைக்கப்பட்ட வலையமைப்பில், நடுவே ஒரு நிறுவனம் இல்லாமல் பேசுவது கடினமாகிவிட்டது. ஒவ்வொரு கணினியும் மற்றொன்றுக்குச் சமம் என்ற இணையத்தின் தொடக்கக் கொள்கை இதனால் தேய்ந்தது என்பதே நாட் முறை மீதான அடிப்படை விமர்சனம்.

முகவரியே ஆள் அல்ல

உலக முகவரி இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 ஆம் தேதி ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஆசிய பசிபிக் பதிவகம் அவ்வாண்டு ஏப்ரலிலேயே தன் இறுதித் தொகுதிக்கு வந்து, பங்கீட்டு முறைக்கு மாறியது. ஐரோப்பியப் பதிவகத்தின் கையிருப்பு 2019 நவம்பரில் தீர்ந்தது.

அதன்பின் முகவரி விற்பனைப் பொருளாகியது. திவாலான நோர்ட்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 2011 இல் 75 லட்சம் டாலருக்கு வாங்க முன்வந்தது. ஒன்றின் விலை 11 டாலருக்குச் சற்று அதிகம். அமேசான் நிறுவனத்தின் மேகக் கணிமைப் பிரிவு 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வீதம் கட்டணம் வசூலிக்கிறது. முன்னரே வந்து பெருமளவில் முகவரி பெற்ற நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் இது சொத்து. பின்னர் வந்தவர்களுக்கு இது செலவு.

செலவைத் தவிர்க்க விரும்பிய சேவை நிறுவனங்கள், வீட்டு நுழைவாயில் செய்த வேலையைத் தாங்களே பேரளவில் செய்யத் தொடங்கின. பல சந்தாதாரர்களுக்கு ஒரே பொது முகவரி. இதற்கெனவே 100.64 என்று தொடங்கும் தொகுதியில் சுமார் 41 லட்சத்து 94 ஆயிரம் முகவரிகள் 2012 இல் தனியே ஒதுக்கப்பட்டன. இத்தகைய இணைப்பில் இருப்பவரின் பொட்டலம் வீட்டில் ஒரு முறையும் நிறுவனத்தில் மறுமுறையும் முகம் மாறுகிறது. வீட்டு ரௌட்டரில் அவர் எழுதும் போர்ட் ஃபார்வர்டிங் விதி பயனற்றது. மேலே இருக்கும் நுழைவாயில் அவர் கையில் இல்லை.

கத்தாரில் நடந்தது வேறு வடிவங்களில் தொடர்வதற்கும் இதுவே காரணம். ஒருவர் செய்த தவறுக்காக ஒரு முகவரி தடுக்கப்படும்போது, அதைப் பகிரும் முன்பின் அறியாத பலரும் தண்டிக்கப்படுகின்றனர்.

குற்றப் புலனாய்வில் இது மேலும் கடுமையானது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், இத்தகைய முகவரிப் பகிர்வு குற்றவாளிகளை அடையாளம் காண்பதைத் தடுப்பதாக 2017 அக்டோபரில் எச்சரித்தது. குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட முகவரியைப் பயன்படுத்தியவர் யார் என்று கேட்டால், நீண்டதொரு பெயர்ப்பட்டியலே விடையாகக் கிடைக்கலாம். போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லாமல் அதைக் குறுக்க முடியாது. ஆகவேதான் இணையச் சேவையகங்கள் முகவரியுடன் போர்ட் எண்ணையும் பதிவுசெய்ய வேண்டும் என்று 2011 இலேயே பரிந்துரைக்கப்பட்டது.

தவறான ஆளைப் பிடிக்கும் அபாயம் கற்பனையல்ல. முகவரியைப் பகிராத இணைப்பிலும்கூட அது நேரலாம். இந்தியாவில் 2007 ஆம் ஆண்டில், சேவை நிறுவனமொன்று அளித்த தவறான ஐ.பி. முகவரி விவரத்தின் அடிப்படையில், சம்பந்தமே இல்லாத ஒருவர் கைதாகிப் பல வாரங்கள் சிறையில் இருந்தார். முகவரி என்பது ஒரு வாசலின் எண் மட்டுமே. அந்த வாசலுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அது சொல்வதில்லை.

தற்காலிகத்தின் நீண்ட ஆயுள்

நாட் முறை யாருக்காகக் காத்திருந்ததோ, அந்த ஐ.பி. ஆறாம் பதிப்பு 1995 டிசம்பரிலேயே முதல் வடிவம் பெற்றுவிட்டது. 128 பிட்டுகள் கொண்ட அதன் முகவரிகள், ஒவ்வொரு கருவிக்கும் தனிமுகவரி என்ற பழைய கொள்கைக்குத் திரும்ப இடமளிக்கின்றன. 2012 ஜூன் 6 ஆம் தேதி பெரிய தளங்களும் சேவை நிறுவனங்களும் அதை நிரந்தரமாக இயக்கத் தொடங்கின. இந்தியாவில் 2016 இல் சேவை தொடங்கிய ஜியோ அதைப் பரவலாகப் பயன்படுத்தியதையடுத்து, அதன் பயன்பாட்டில் அந்நாடு உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாகியது.

ஆயினும் கூகுள் தளத்துக்கு வரும் பயனாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மட்டுமே ஆறாம் பதிப்பின் வழியாக வருகின்றனர். பழைய பதிப்பில் மட்டும் இயங்கும் தளங்கள் இருக்கும்வரை முகவரி மாற்றும் நுழைவாயில் ஏதேனும் ஒரு வடிவில் தேவைப்படும்.

ஆறாம் பதிப்புக்கு மாறுபவர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அங்கே ஒவ்வொரு கணினிக்கும் பொது முகவரி இருப்பதால், நாட் தற்செயலாக அளித்துவந்த மறைப்பு இருக்காது. மறுமொழிகளை மட்டும் அனுமதித்து, தேடிவருபவற்றை நிறுத்தும் விதிகளை ஆறாம் பதிப்புக்கும் தனியே எழுத வேண்டும். லினக்ஸ் மையக்கரு அதற்கான கருவிகளைத் தருகிறது. எந்தக் கதவைத் திறப்பது, எதை மூடுவது என்ற முடிவு அந்த நுழைவாயிலை நிர்வகிப்பவரிடமே இருக்கிறது.